மண்ணெண்ணெயில் ஊறிய மூன்று கியர்

நாட்டிங்ஹாமில் ஒரு வீட்டின் பின்கொட்டகையில் பல ஆண்டுகளாகச் சுவரில் சாய்ந்து கிடந்த ராலி ஸ்போர்ட்ஸ் சைக்கிள் ஒன்றை 40 பவுண்டு கொடுத்து வாங்கினேன். கரும்பச்சை வண்ணம், 23 அங்குலச் சட்டம், கைப்பிடியின் வலப்பக்கத்தில் கியர் மாற்றும் சிறு விசை, பின்சக்கரத்தின் நடுவில் ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப். டயர்கள் வெடித்து உரிந்திருந்தன. குரோம் பூசிய ரிம்மில் துரு புள்ளி புள்ளியாகப் படர்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்த இந்தக் குறைகள் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. கவலை தந்தது வேறொன்று. பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துப் பெடலைக் கையால் சுற்றினால், முன்னோக்கிச் சுற்றினாலும் பின்னோக்கிச் சுற்றினாலும் அது ஒரே மாதிரி வெறுமனே சுழன்றது, சக்கரம் அசையவில்லை. மூன்று கியரிலும் அதே நிலைதான். கியர் போய்விட்டது, ஹப்பையே மாற்ற வேண்டியிருக்கும் என்று விற்றவரும் சொல்லித்தான் கொடுத்தார்.

அன்றிரவு மன்னார்குடியில் இருக்கும் என் தாய்மாமாவிடம் தொலைபேசியில் பேசினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சைக்கிள் கடை நடத்தியவர் அவர். அவருடைய கடையின் வாடகை சைக்கிளில்தான் நான் குரங்கு பெடல் போட்டுப் பழகினேன். எங்கள் பக்கம் ஓடியவை எல்லாம் ஒற்றை வேக வண்டிகள் என்பதால், ஹப்புக்குள் இருக்கும் கியரை அவர் தொட்டுப் பார்த்ததில்லை. நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, சக்கரத்தைத் தனியாகச் சுற்றிவிட்டால் டிக் டிக் என்ற சத்தம் வருகிறதா என்று மட்டும் கேட்டார். துளிகூட வரவில்லை என்றேன்.

“அப்போ உள்ளே ஒண்ணும் உடைஞ்சிருக்காது மாப்பிள்ளை. பழைய எண்ணெய் பிசின் மாதிரி இறுகி நாக்கை அமுக்கிப் பிடிச்சிருக்கும். எதையும் கழட்டாதே. மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போடு.”

வருடாந்திர ஓவராயிலுக்கு வரும் வண்டிகளின் ஃப்ரீவீலை ஒரு தகர டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுவதும் போட்டு வைப்பது அவர் கடை வழக்கம். அந்தக் கைப்பழக்கத்தை வைத்தே, தான் பார்த்திராத ஒரு பொறியின் நோயை அவர் சரியாகச் சொல்லிவிட்டார். பிறகு இந்த வண்டியில் நான் சந்தித்த கோளாறுகளில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவை எல்லாம் உலர்ந்த எண்ணெயாலோ நெகிழ்ந்த கேபிளாலோ வந்தவைதான். உண்மையான சேதம் நேர்ந்த இரண்டு இடங்களிலும் அதைச் செய்தது என் அவசரம்.

ஹப்புக்குள் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த வண்டியின் மேல் தனி மரியாதை வந்துவிடும். அச்சின் நடுவில் 20 பற்கள் கொண்ட ஒரு பல்சக்கரம் அச்சோடு ஒன்றாக, சுழலாமல் நிற்கிறது. அதைச் சுற்றி ஒரு கூட்டில் பொருத்தப்பட்ட, ஒவ்வொன்றும் 20 பற்கள் கொண்ட நான்கு சிறு பல்சக்கரங்கள் வலம் வருகின்றன. அவற்றுக்கு வெளியே, உட்புறமாக 60 பற்கள் வெட்டிய ஒரு வளையம் இருக்கிறது. சங்கிலியின் விசை வளையத்துக்குப் போய், வளையத்திலிருந்தே ஹப்பின் ஓட்டுக்குப் போனால் அது நடுக் கியர். பின் பல்சக்கரம் சுற்றும் வேகத்திலேயே சக்கரமும் சுற்றும். விசை சிறு சக்கரங்களின் கூட்டுக்குப் போனால், அவை வளையத்தை முந்தித் தள்ளுவதால் சக்கரம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும். வளையத்துக்குப் போன விசை கூட்டின் வழியாக வெளியேறினால் நான்கில் ஒரு பங்கு வேகம் குறையும். அந்த அளவுக்கு மிதிப்பது எளிதாகும். வளையத்திலும் கூட்டிலும் உள்ள சிறு நாக்குகள் மெல்லிய ஸ்பிரிங்குகளின் தள்ளுதலால் எழுந்து நின்று ஹப்பின் ஓட்டைப் பிடிக்கின்றன. தலைமுடி போன்ற அந்த ஸ்பிரிங்குகளுக்கு இறுகிய எண்ணெயை எதிர்த்து நாக்கைத் தூக்கும் வலு இல்லை. என் வண்டியில் எல்லா நாக்குகளும் படுத்துக் கிடந்ததால்தான் பெடல் இருபுறமும் வெறுமனே சுற்றியது.

பின்சக்கரத்தைக் கழற்றி, ஹப்பின் ஓட்டில் இருந்த எண்ணெய் மூடியைத் திறந்து, இங்கே பாரஃபின் என்று விற்கும் மண்ணெண்ணெயை மூன்று தேக்கரண்டி விட்டேன். சக்கரத்தைக் கிடையாகப் படுக்க வைத்து, சில மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றி, கையால் சுற்றிவிட்டு வந்தேன். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் மாலை, சக்கரத்தை மெதுவாகச் சுற்றியபோது ஒரே ஒரு டிக் கேட்டது. ஒரு முழுச் சுற்றுக்குப் பின் இன்னொன்று. நான் காதை ஆரக்கம்பிகளுக்கு அருகில் வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்திருந்தேன். கால் மணி நேரத்துக்குள் அந்த ஒற்றை ஒலி இரண்டாகி, பிறகு சீரான தொடர் ஒலியாகிவிட்டது. மூன்றாம் நாள் மண்ணெண்ணெயை வடித்தபோது தார் போலக் கருத்து வந்தது. மீண்டும் புதிதாக விட்டு, நிறம் தெளியும் வரை இரண்டு முறை அலசி, கடைசியில் எஸ்.ஏ.இ. 30 என்று குறியிட்ட மோட்டார் எண்ணெய் இரண்டு தேக்கரண்டி விட்டேன். அதன்பின் ஹப்பைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை.

எந்த எண்ணெய் என்பதில் கவனம் வேண்டும். வீட்டுக் கதவுக் கீலுக்கு விடும் மெல்லிய எண்ணெய்களில் சில காலப்போக்கில் பிசினாகிவிடும். துரு இளக்கும் ஸ்பிரே இருந்த எண்ணெயையும் கரைத்துவிட்டு, தானும் விரைவில் மறைந்துவிடும். இரண்டும் இந்த ஹப்புக்கு ஆகாதவை. மாதத்துக்கு ஒரு தேக்கரண்டி மோட்டார் எண்ணெய் போதும். அளவுக்கு மேல் விட்டால் வழிந்து ரிம்மில் ஏறும்.

ஹப்பின் ஓட்டைத் துடைத்தபோது அதில் ‘ஏ.டபிள்யூ.’ என்ற எழுத்துகளும், அடுத்து 66, 9 என்ற எண்களும் தெரிந்தன: 1966ஆம் ஆண்டு, செப்டம்பர் மாதம். ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்புகளில் தயாரித்த ஆண்டும் மாதமும் இப்படிப் பொறிக்கப்பட்டிருக்கும். அது ஹப்பின் வயதுதான். சக்கரம் இடையில் மாற்றப்பட்டிருந்தால் சட்டத்தின் வயது வேறாக இருக்கலாம் என்பதை வாங்குகிறவர்கள் மறக்கக் கூடாது. எழுத்துகளையும் பார்க்க வேண்டும். 1936இல் அறிமுகமான ஏ.டபிள்யூ. இன்றும் வேறு நாட்டில் தயாராகும் அளவுக்கு நம்பகமான வடிவம். 1950களின் பிற்பகுதியில் வந்த எஸ்.டபிள்யூ. என்ற ஹப் பார்க்க ஏறக்குறைய அப்படியே இருந்தாலும், கியர் பிடிக்காமல் நழுவுவதாகப் பெயர் எடுத்தது. முதன்முறையாக வாங்குகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

நான் குடியிருக்கும் ஊரே இந்த வண்டி பிறந்த ஊர் என்பதால் ஒரு சனிக்கிழமை லென்டன் புலிவார்டு வரை நடந்து போய்ப் பார்த்தேன். நாட்டிங்ஹாமின் ராலி தெருவில் நடந்துவந்த ஒரு சிறு பட்டறையைக் கையிலெடுத்த ஃபிராங்க் பௌடன், அதை 1888இல் நிறுவனமாக்கினார். ஹென்றி ஸ்டர்மி, ஜேம்ஸ் ஆர்ச்சர் ஆகிய இருவரின் பெயரைத் தாங்கிய மூன்று வேக ஹப்பும் 1902இல் பௌடனின் முயற்சியால்தான் தொழிற்சாலைக்குள் வந்தது. ராலியின் தலைமை அலுவலகமாக இருந்த கட்டடம் அந்தச் சாலையில் இன்றும் நிற்கிறது. நாட்டிங்ஹாமில் சைக்கிள் உற்பத்தி 2002இல் முடிந்துபோனது; தொழிற்சாலை நிலத்தின் ஒரு பகுதியில் இப்போது நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகம் இருக்கிறது. மாணவர்கள் நடமாடும் அந்தத் தண்ணீர்த் தடாகங்களின் ஓரம் நின்றபோது எனக்கு அம்பத்தூரின் நினைவு வந்தது. பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமத்தின் கூட்டுறவோடு 1949இல் சென்னை அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ்தான் எங்கள் ஊர்களுக்கு ஹெர்குலிஸ் வண்டியைத் தந்தது. 1960இல் ராலி அதே பிரிட்டிஷ் குழுமத்தின் கைக்குப் போனது, பி.எஸ்.ஏ. சைக்கிள் அதற்கு முன்பே, 1957இல், ராலியிடம் வந்திருந்தது. மாமா கடையின் வாசலில் வரிசையாக நின்ற ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் இந்தப் பச்சை ராலிக்கு ஒன்றுவிட்ட உறவுகள் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

முதல் சேதம் கிராங்க்கில் நேர்ந்தது. இந்த வண்டிகளில் பெடல் கையை அச்சோடு பிணைப்பது காட்டர் பின் என்ற ஆப்பு. தட்டையாகச் சீவிய ஒரு பக்கத்தோடு, 9.5 மி.மீ. தடிமனில் இருக்கும் அந்தச் சிறு இரும்புத் துண்டு, ஐம்பது ஆண்டு மிதித்த அழுத்தத்தில் கிராங்க்கோடு ஒன்றாகிப்போயிருந்தது. நட்டைக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் நாலு அடி அடித்தேன். மறையிருந்த முனை காளான் போல விரிந்து வளைந்துகொண்டதே தவிர, பின் ஒரு நூல்கூட நகரவில்லை. இரண்டு சனிக்கிழமைகளைச் செலவிட்டு அதைத் துளைபோட்டு எடுக்க வேண்டியதாயிற்று. அப்படி எடுத்ததில் கிராங்க்கின் துளையும் சற்றே பழுதடைந்து, இன்றுவரை அந்தப் பக்கத்துக்கு மட்டும் பின்னைக் கூடுதலாக அராவிப் பொருத்த வேண்டியிருக்கிறது.

மறுபக்கத்துப் பின்னை எடுக்க உதவியவர், எங்கள் தெருவில் வசிக்கும், ராலி தொழிற்சாலையில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். என் நிலையைப் பார்த்துவிட்டு, தன் கொட்டகையிலிருந்து காட்டர் பின்னை அழுத்தி எடுக்கும் கையடக்கக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் சொன்னபடி ஒரு வாரம் தினமும் இரு முனைகளிலும் ஊடுருவும் எண்ணெய் விட்டுவந்தேன். பிறகு கருவியைப் பொருத்தி மெல்ல இறுக்கியபோது, துப்பாக்கி வெடித்தாற்போல ஒரு சத்தம் வந்தது, பின் விடுபட்டுவிட்டது. கருவி கிடைக்காதவர்கள் சுத்தியலால்தான் எடுக்க வேண்டும் என்றால், கிராங்க்கின் அடியில் தரை வரை எட்டும் தடித்த இரும்புக் குழாயை முட்டுக் கொடுக்க வேண்டும். அப்போது அடியின் வேகம் தரைக்குப் போகும். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் அச்சைத் தாங்கும் பால்ஸ் மேலும் அவை உருளும் கப்பின் மேலும் விழும். நட்டை முழுவதும் கழற்றாமல், அதன் முகம் பின்னின் முனையோடு சமமாக இருக்கும்படி விட்டுவைத்தால் மறையும் காப்பாற்றப்படும்.

புதிய பின்னைப் பொருத்துவதும் பொறுமை கேட்கும் வேலை. கடையில் வாங்கும் பின்னின் தட்டை முகத்தை அரத்தால் சிறிது சிறிதாக அராவி, செருகிப் பார்த்து, அச்சின் வெட்டோடு முகம் முழுவதும் படிகிறதா என்று கவனிக்க வேண்டும். இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் செருகப்பட வேண்டும். ஒரே திசையில் போட்டால் இரண்டு பெடல்களும் நேர்க்கோட்டில் நிற்காது. நட்டை முடுக்கிப் பின்னை உள்ளே இழுக்க முயன்றால் மறை வழுக்கிவிடும் என்பதால், கருவியால் அழுத்தி உட்கார வைத்த பிறகு நட்டை மிதமாக முடுக்குவதே முறை. ஐம்பது மைல் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை அழுத்திப் பார்க்கும்படி பெரியவர் சொன்னார். பார்த்தபோது பின் ஒரு மி.மீ. அளவு மேலும் உள்ளே போனது. அதைக் கவனிக்காமல் ஓட்டியிருந்தால் பின் ஆடி ஆடித் தேய்ந்திருக்கும்.

அச்சைக் கழற்றிய அன்று பழைய கப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியவை வாங்கலாம் என்றிருந்தேன். நல்ல வேளையாகச் செய்யவில்லை. அந்த இடத்தில் மற்ற ஆங்கிலத் தயாரிப்பாளர்கள் அங்குலத்துக்கு 24 மறை வெட்டியபோது ராலி மட்டும் 26 மறை வெட்டியது. வேறு வண்டியின் கப் இதில் ஏறாது. வலப்பக்கக் கப்பை அசைக்காமல் அப்படியே விட்டு, உள்ளே துடைத்து, பக்கத்துக்கு 11 என்ற கணக்கில் கால் அங்குலப் பால்ஸ் புதிதாகப் போட்டு, கிரீஸ் வைத்து மூடினேன். தேய்ந்துவிட்டது என்று நான் நினைத்த அச்சு வெண்ணெயாகச் சுழன்றது. முன்போர்க்கைக் கழற்றுகிறவர்கள் அடியில் ஒரு பழைய துணியை விரித்துக்கொள்வது நல்லது; அங்கே பால்ஸ் எதிலும் கோக்கப்படாமல் தனித்தனியாக இருப்பதால் போர்க்கு இறங்கிய கணமே கொட்டிவிடும்.

டயர் வாங்கியதில் பணம் வீணானது. 26 அங்குல டயர் என்று கேட்டு வாங்கி வந்தது ரிம்மில் ஏறவே இல்லை. 26 என்ற ஒரே எண்ணில் வெவ்வேறு அளவுகள் விற்கின்றன என்பதும், ராலி ஸ்போர்ட்ஸுக்கு வேண்டியது 26 × 1⅜, அதாவது டயரின் பக்கச்சுவரில் 37-590 என்று பொறித்திருப்பது என்பதும் பிறகுதான் தெரிந்தது. கடைக்காரரிடம் அங்குலக் கணக்கைச் சொல்லாமல் 590 என்ற எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். கம்பி பிரேக்கோடு வரும் பெரிய ராலி ரோட்ஸ்டருக்கோ 28 × 1½. அது நம் ஊர்களில் பால்காரர்களும் தபால்காரர்களும் ஓட்டிய வண்டியின் டயர் அளவேதான்.

வண்ணத்தின் மேல் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பழைய ராலியை மீண்டும் வண்ணம் அடிக்கவே கூடாது என்பேன். சட்டத்தின் குழாய்களிலும் மட்கார்டிலும் ஓடும் பொற்கோடுகளும், தலைக்குழாயில் இருக்கும் நாரைச் சின்னமும் ஒருமுறை போனால் போனவைதான். என் இரண்டாவது சேதம் இங்கே நடந்தது. பின்மட்கார்டில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்க ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரே இழுப்பு இழுத்தேன். துணியைத் திருப்பிப் பார்த்தால் அதில் பொன்னிறம். மட்கார்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு மறைந்திருந்தது. அன்றிலிருந்து வெதுவெதுப்பான நீரில் துளி சோப்பு, மெல்லிய துணி, அதற்கு மேல் மெழுகு, இவை தவிர வேறெதையும் வண்ணத்தின் மேல் படவிடுவதில்லை. முதலில் கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியில் தொட்டுப் பார்த்த பிறகே மேற்பகுதிக்கு வர வேண்டும்.

குரோம் பாகங்களுக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும்; மேலோட்டமான துரு கருஞ்சேறாகி வந்துவிடும். ஆழமாகத் துருப்பிடித்த நட்டு, போல்ட்டுகளை மட்டும் ஆக்சாலிக் அமிலம் கரைத்த நீரில் ஓர் இரவு போட்டேன். அது நஞ்சு. கையுறை வேண்டும், காற்றோட்டம் வேண்டும், குழந்தைகளின் கைக்கு எட்டாத இடம் வேண்டும். எடுத்தவுடன் சமையல் சோடா கலந்த நீரில் அலசிவிட வேண்டும்.

பழமையைக் காப்பதைவிட உயிரைக் காப்பது முக்கியம் என்று நான் கருதும் ஒரே இடம் பிரேக். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால், ரப்பர்க் கட்டை அதன்மேல் சோப்பில் வழுக்குவது போல வழுக்கும். நவம்பர் மாதத் தூறலில், ஒரு சந்திப்பில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு வண்டி நீளம் சென்றுதான் நின்றேன். அந்த நேரத்தில் குறுக்கே யாரும் வரவில்லை. மறுநாளே பழைய பிரேக் கட்டைகளையும் கேபிள்களையும் ஒன்றுவிடாமல் மாற்றினேன். ஈரத்துக்கென்று செய்த புதுவகைக் கட்டைகள் நிலைமையை வெகுவாக மேம்படுத்தின. ஆனாலும் மழையில் ஓட்டும்போது, நிற்க வேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே பிரேக்கை லேசாகப் பிடித்து ரிம்மின் ஈரத்தை வழித்துவிட்டு, பிறகு அழுத்திப் பிடிக்கும் பழக்கம் வேண்டும். தினமும் மழையில் ஓட்டியாக வேண்டியவர்கள் அலுமினிய ரிம்முக்கு மாறுவதே சரி. 1966ஆம் ஆண்டு வண்டியில் பெரும்பாலும் முன்னால் 32, பின்னால் 40 என்று கம்பிகளின் எண்ணிக்கை வேறுபடும் என்பதால், ரிம் வாங்குமுன் துளைகளை எண்ணிக்கொள்ள வேண்டும்.

இனி கேபிள். கியர் நழுவுகிறது என்று சொல்லி இந்த வண்டிகளை விற்றுவிடுகிறவர்கள் பலர்; நழுவுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஹப் கிடையாது. நடுக் கியருக்கும் உயர் கியருக்கும் இடையே, ஹப்புக்குள் எதையும் பிடிக்காத ஒரு வெற்றிடம் உண்டு. கேபிள் சிறிது நெகிழ்ந்தால் நடுக் கியரில் வைத்திருக்கும்போதே பொறி அந்த வெற்றிடத்துக்குள் விழும். டெர்பி சாலையில் கேனிங் சர்க்கஸை நோக்கி ஏறும் மேட்டில் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தேன். பெடல் திடீரென்று காற்றில் விழுந்தது போல இறங்கியது. நான் குறுக்குக் கம்பியின் மேல் விழுந்தேன். முழங்கால் ஹேண்டில் பாரில் மோதி இரண்டு வாரம் வீங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், கேபிளின் மேலுறை முட்டி நிற்கும் கவ்வி, குறுக்குக் கம்பியின் மேல் மூன்று மி.மீ. பின்னுக்கு வழுக்கியிருந்தது. அதற்கு மேல் ஒரு கோளாறும் இல்லை. கவ்விக்கு அடியில் மெல்லிய ரப்பர்த் துண்டு ஒன்றை வைத்து இறுக்கியதும் அது மறுபடி நகரவில்லை.

கேபிளைச் சரிபார்க்கும் வழியை ராலி தொழிலாளிகள் யாரும் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை, ஹப்பே காட்டிவிடும். வலப்பக்க அச்சு நட்டில் ஒரு பார்வைத் துளை இருக்கிறது. கியரை நடுவில் வைத்து அந்தத் துளை வழியே பார்த்தால், உள்ளேயிருந்து வரும் சிறு கம்பி முடிந்து, அதைக் கேபிளோடு இணைக்கும் குட்டிச் சங்கிலி தொடங்கும் இடம், அச்சின் முனையோடு மிகச் சரியாகச் சமமாக இருக்க வேண்டும். கம்பி உள்ளே அமிழ்ந்திருந்தால் கேபிள் தளர்ச்சி. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இறுக்கம். கேபிள் முனையில் உள்ள திருகை விரலால் சுழற்றிச் சரிசெய்து, பூட்டு நட்டை முடுக்கிவிட வேண்டும். அந்தச் சிறு கம்பியை ஹப்புக்குள் கடைசிவரை திருகிவிட்டு, சங்கிலி கேபிளின் திசைக்கு நேராக வரும் வரை மட்டும் பின்னால் திருப்பியிருக்க வேண்டும். அரைச் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. அச்சின் இருபுறமும் பல் வைத்த வாஷர்கள் இருக்கின்றன. அவை போர்க்கின் வெட்டுக்குள் உட்கார்ந்து அச்சு சுழலாமல் பிடிக்கின்றன. ஹப்பின் நடுப் பல்சக்கரம் அச்சோடு ஒன்றானது என்பதால், அச்சு சுழன்றால் கீழ்க் கியரும் உயர் கியரும் வேலை செய்யாது. அந்த வாஷர்கள் தொலைந்துபோன வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஓட்டும் இன்பத்துக்காக நான் செய்த ஒரே மாற்றம் பின் பல்சக்கரம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடி முன்னால் 46, பின்னால் 18 பற்கள் இருந்தன. அந்தக் கணக்கில் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி கீழ்க் கியரில் சுமார் 4 மீட்டரும், நடுவில் 5.3 மீட்டரும், உயர் கியரில் 7 மீட்டரும் போகும். ஏறக்குறைய 18 கிலோ எடையுள்ள வண்டியை என் போன்றவர்கள் அந்த உயர் கியரில் மிதிப்பது பின்காற்று இருந்தால்தான் முடியும். வளையப் பூட்டை ஒரு திருப்புளியால் நெம்பி எடுத்துவிட்டு, 22 பற்கள் கொண்ட சக்கரத்தை மாற்றி, நீளமான புதிய சங்கிலி போட்டேன். இப்போது மூன்று கியரும் முறையே 3.25, 4.3, 5.8 மீட்டர் என்ற அளவில் நிற்கின்றன, மூன்றுமே பயன்படுகின்றன. செலவு மிகக் குறைவு, பழைய சக்கரத்தைப் பத்திரப்படுத்தி வைத்தால் எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். இந்த வண்டியை வாங்கும் எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஞாயிறு காலைகளில் பீஸ்டன் கால்வாய்க் கரையைப் பிடித்து அட்டன்பரோ ஏரிகள் வரை போய் வருகிறேன். நிமிர்ந்து அமரும் வண்டி என்பதால் தண்ணீரில் மிதக்கும் படகுகளும் கரையோரத்து வாத்துகளும் முகத்துக்கு நேரே தெரியும். தோல் இருக்கை வெடிக்காமல் இருந்ததால் அதற்கென்றே விற்கும் மெழுகைத் தடவிக் காப்பாற்றிவிட்டேன். நடுக் கியரிலும் உயர் கியரிலும் மிதிக்கும்போது ஹப் மெல்ல டிக் டிக் என்று பேசிக்கொண்டே வரும். கால்வாயை விட்டு மேட்டில் ஏறக் கீழ்க் கியருக்கு மாற்றியதும் அந்த ஒலி அடங்கிவிடும்; வளையத்தின் நாக்குகளை அந்தக் கியர் மடக்கிப் பிடித்துவிடுவதால் வரும் அமைதி அது. விசையைப் பார்க்காமலே எந்தக் கியரில் இருக்கிறேன் என்று காதால் அறிந்துகொள்ள இப்போது முடிகிறது.

சென்ற மாதம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு அந்தச் சத்தத்தோடு ஒரு காணொளி எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். அன்று மாலையே அழைத்தார்.

“சத்தம் நல்லா இருக்கு மாப்பிள்ளை. ஆனா செயின் தொங்குது பார். அரை அங்குலத்துக்கு மேல ஆடக் கூடாது.”

உண்மைதான், புதிய சங்கிலி நீண்டிருந்தது. மறுநாள் காலை அச்சு நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை நகக்கண் அளவு பின்னுக்கு இழுத்து முடுக்கினேன். சக்கரம் பின்னுக்குப் போனால் கியர் கேபிளும் சேர்ந்து இறுகும் என்பதால், பார்வைத் துளை வழியே மறுபடி பார்த்தேன். கம்பி அச்சின் முனையைத் தாண்டி ஒரு நூல் வெளியே நின்றது. திருகை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தியதும் சமத்துக்கு வந்தது.